திருட முடியாத புகை: லஃப்ரோய்க்கும் சுவைக்குறிப்பு என்கிற எழுத்து வகையும்

1907-ல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஐலா தீவில் ஒரு பங்காளிச் சண்டை முற்றியது. ஒரு பக்கம் லஃப்ரோய்க் என்ற விஸ்கி வடிசாலை. இன்னொரு பக்கம், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த லகவுலின். லகவுலினின் முதலாளி பீட்டர் மேக்கி. லஃப்ரோய்க் சரக்கை வெளியே விற்றுக்கொடுக்கும் முகவராகவும் பல காலம் அவருடைய நிறுவனமே இருந்தது. வழக்கு, வாய்தா எல்லாம் முடிந்து அந்த உரிமை கையைவிட்டுப் போனதும் மனுஷனுக்குத் தாங்கவில்லை. லஃப்ரோய்க்குக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கல்லைப் போட்டு அடைத்தார். கோர்ட் திறந்துவிடச் சொன்னது. விற்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, அப்படியென்றால் அதே மாதிரி இன்னொன்று செய்துவிடுவோம் என்று இறங்கினார். 1908-ல் லகவுலின் வளாகத்துக்குள்ளேயே 'மால்ட் மில்' என்ற சின்ன வடிசாலையைக் கட்டினார். லஃப்ரோய்க்கின் அச்சிலேயே செப்புக் கொப்பரைகள் செய்யச் சொன்னார். அங்கே வேலை பார்த்த ஆளையே இழுத்துக்கொண்டு வந்தார் என்றும் சொல்வார்கள். மால்ட் மில் 1962 வரை ஓடியது. அதிலிருந்து ஒருநாளும் லஃப்ரோய்க் வரவில்லை.

விஸ்கி பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. பெரும்பாலும் 'மண்ணின் மர்மம்' என்று ஒரு பெருமூச்சோடு முடிப்பார்கள். எனக்கு இந்தக் கதையில் மேக்கியின் மேல்தான் கண். ஒரு சுவையை அதன் இடத்திலிருந்து பெயர்த்து இன்னொரு இடத்தில் அப்படியே நிறுத்த முயன்றவர் அவர். சுவைக்குறிப்பு எழுதுகிறவர்களும் அதைத்தான் முயல்கிறார்கள். மேக்கிக்குச் செம்பு, இவர்களுக்குச் சொல். இரண்டிலுமே நகல் சரியாக வருவதில்லை. ஆனால் எங்கே பிசகுகிறது என்று பார்த்தால், சுவையைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் உண்மையில் எதைப் பற்றியது என்று கொஞ்சம் பிடிபடும். அதற்கு லஃப்ரோய்க்கை விட நல்ல உதாரணம் கிடையாது. உலகத்திலேயே அதிகம் திட்டு வாங்கிய, அதிகம் வர்ணிக்கப்பட்ட விஸ்கிகளில் அது ஒன்று.

புகை எங்கிருந்து வருகிறது

முதலில் சரக்கைப் பார்த்துவிடலாம். சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, செப்புக் கொப்பரையில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் ஊறவைத்தது. பார்லியை ஊறப்போட்டு முளைவிடச் செய்கிறார்கள். முளை மேலே வளராமல் இருக்க அதைச் சூட்டில் உலர்த்த வேண்டும். மரம் அதிகம் இல்லாத ஐலாவில் இதற்குக் கிடைத்த எரிபொருள் பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் புதர்ச்செடியும் ஆயிரக்கணக்கான வருஷமாக மக்கி இறுகிய மண் அது. செங்கல் செங்கல்லாக வெட்டிக் காயவைத்து, நம் ஊர் வரட்டி மாதிரி எரிப்பார்கள். அந்தப் புகை ஈரமான பார்லியின் மேல் படிந்துவிடுகிறது. பீனால், கிரெசால், குவையகால் என்று வேதியியலில் பெயர் சொல்லப்படும் பொருட்கள் இப்படித்தான் உள்ளே போகின்றன.

லஃப்ரோய்க்கின் மால்டில் பீனால் அளவு பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு. இந்த எண்ணைத்தான் 'பிபிஎம்' என்று புட்டியைக் காட்டிக் காட்டிப் பேசுவார்கள். ஆனால் மாவாக்கி, ஊறவைத்து, புளிக்கவைத்து, இரண்டு முறை காய்ச்சி வடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி கழிந்துபோகும். மிச்சம் எவ்வளவு என்பது வடிக்கிறவர் கையில் இருக்கிறது. கொப்பரையில் முதலில் வருவது இனிப்பும் பழவாசனையும் கலந்த இலேசான பகுதி. புகை சார்ந்த கனமான பொருட்கள் பின்னால்தான் வரும். லஃப்ரோய்க்கில் அந்த முதல் பகுதியை முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுகிறார்கள், மற்ற இடங்களை விட வெகுநேரம். இனிப்பைத் தள்ளிவிட்டுக் கசப்புப் பக்கமாக நகர்ந்து பிடிக்கிறார்கள். மேக்கி கொப்பரையை நகலெடுத்தார். எப்போது குழாயைத் திருப்புவது என்கிற பழக்கத்தை நகலெடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'ஐலா விஸ்கி என்றாலே புகை' என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. அதே தீவின் புன்னஹாவன் பெரும்பாலும் புகையே இல்லாதது. புரூக்லாடியின் வழக்கமான சரக்கும் அப்படித்தான். 1988-ல் ஒரு பெரிய நிறுவனம் ஊருக்கு ஒன்றாக ஆறு மால்ட்களைப் பொறுக்கி 'கிளாசிக் மால்ட்ஸ்' என்று கடைகளில் அடுக்கிவைத்தது. ஐலாவுக்கு லகவுலின் போனது. ஊருக்கு ஒரு சுவை என்கிற வரைபடம் பொதுப்புத்தியில் பதிந்ததில் அந்தக் கடைத்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்திணை மாதிரி நிலத்துக்கு ஒரு ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டால் நமக்கும் அழகாகத்தான் இருக்கும். என்ன செய்வது, கருப்பொருளைத் தீர்மானித்தது விற்பனைப் பிரிவு.

லிஸ்டருக்கு முன், லிஸ்டருக்குப் பின்

லஃப்ரோய்க்கை முதல்முறை மோந்து பார்க்கிறவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள்: ஆஸ்பத்திரி. பேண்டேஜ், டிங்சர், டெட்டால், காயத்துக்குப் போடும் மருந்து. சுவைக்குறிப்புகளில் 'மெடிசினல்' என்று ஒரு தனிச் சொல்லே இதற்காக உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் லஃப்ரோய்க் மருந்து என்ற பெயரில் உள்ளே போனதாகவும், மோந்து பார்த்த அதிகாரிகளே நம்பிவிட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது.

இந்த ஒப்பீடு மிகச் சரியானது, மிகச் சமீபத்தியதும் கூட. லஃப்ரோய்க் தொடங்கியதாகச் சொல்லப்படும் வருஷம் 1815. அலெக்சாண்டர், டொனால்ட் என்ற ஜான்ஸ்டன் சகோதரர்கள் தொடங்கினார்கள். கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைக் காயத்தில் போட்டுச் சீழ்பிடிக்காமல் காத்தது 1865. கார்பாலிக் அமிலம் என்பது பீனால்தான். பீட் புகையில் இருக்கும் அதே பீனால். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்கு அந்த வாசனை வந்தது. அதாவது, லஃப்ரோய்க் விற்க ஆரம்பித்து முதல் 50 வருஷம் அதைக் குடித்த எவரும் 'ஆஸ்பத்திரி வாசனை' என்று சொல்லியிருக்க வழியில்லை. அவர்களுக்கு அது வீட்டு அடுப்பின் வாசனையாக இருந்திருக்கும். தீவில் எல்லார் வீட்டிலும் எரிந்தது பீட்தானே.

புட்டிக்குள் இருந்தது கிட்டத்தட்ட அதே பொருள். வெளியே உலகம் மாறியது, அடுப்பு ஆஸ்பத்திரியாகிவிட்டது.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பின் கார்பாலிக் வாசனை தெரிந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. அவர்களுக்கு லஃப்ரோய்க்கை விளக்க ஒரு சொல் போதும். இன்றைய லைஃப்பாயில் அந்த வாசனை இல்லை. இப்போது இருபது வயதில் இருக்கிற ஒருவருக்கு அந்த ஒப்பீடு வேலை செய்யாது. சுவைக்குறிப்புக்கும் காலாவதித் தேதி உண்டு. விஸ்கி பீப்பாயில் முதிர்கிற வேகத்தை விட, அதைப் பற்றிய சொல் வேகமாகக் கிழடு தட்டிவிடுகிறது.

எழுதியவர்கள்

விஸ்கியைப் பற்றிய எழுத்து எப்போதுமே சுவையைப் பற்றிய எழுத்தாக இருக்கவில்லை. ஆல்ஃபிரட் பர்னார்ட் என்பவர் 1880-களில் பிரிட்டன், அயர்லாந்து முழுக்க வடிசாலை வடிசாலையாகச் சுற்றி 1887-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் கொப்பரையின் கொள்ளளவு, கட்டடத்தின் நீளம், வருஷ உற்பத்தி எல்லாம் இருக்கும். சுவை ஓரமாக எங்காவது தட்டுப்பட்டால் உண்டு. அன்றைக்குத் தேவையும் அவ்வளவுதான். மால்ட் என்பது பெரும்பாலும் கலப்பு விஸ்கிக்குப் போகிற கச்சாப்பொருள்.

குடிக்கிறவனின் பக்கம் நின்று எழுதுவது 1930-களில் வருகிறது. ஜார்ஜ் மால்கம் தாம்சன் என்ற பத்திரிகையாளர், ஈனியஸ் மெக்டொனால்ட் என்ற புனைபெயரில் 1930-ல் 'விஸ்கி' என்ற சின்னப் புத்தகத்தை எழுதினார். 1935-ல் நீல் கன் 'விஸ்கி அண்ட் ஸ்காட்லாந்து' எழுதினார். கன் நாவலாசிரியர், அதோடு வடிசாலைகளில் வரி கணக்குப் பார்த்த அரசு அதிகாரி. பிறகு 1969-ல் இலக்கிய விமர்சகர் டேவிட் டாய்ச்சஸ் ஒன்று எழுதினார். நாவலாசிரியரும் விமர்சகரும் கைவைத்த துறை இது. அவர்களுக்கு விஸ்கி ஒரு தேசத்தைப் பற்றிப் பேசக் கிடைத்த சாக்கு.

அப்புறம் பட்டியல்களின் காலம். 1979-ல் பென்ட்லாண்ட்ஸ் ஆய்வு நிறுவனம் ஒரு சுவைச் சக்கரத்தை உருவாக்கியது. தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் குழப்பமில்லாமல் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் இருவர் ஒரே பொருளுக்கு ஒரே பெயர் சொல்ல வேண்டும் என்பது நியாயமான தேவை. 1989-ல் மைக்கேல் ஜாக்சனின் 'மால்ட் விஸ்கி கம்பேனியன்' வந்தது. பாடகர் இல்லை, யார்க்‌ஷயர்காரர், பியர் பற்றியும் எழுதியவர். நிறம், மணம், கனம், நாக்கு, முடிவு என்று ஐந்து வரி, பிறகு 100-க்கு இத்தனை மதிப்பெண். இன்றுவரை உலகம் முழுக்க எழுதப்படும் சுவைக்குறிப்பின் யாப்பு இதுதான். ஜாக்சனின் பலம் அவர் பத்திரிகையாளர் என்பது. வடிசாலையின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நாக்குக்கு வருவார். பின்னால் வந்தவர்கள் கதையை விட்டுவிட்டு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

விளைவு என்ன? ஒரு பழக்கூடைக் கவிதை. வெண்ணிலா, பேரிக்காய், உலர்திராட்சை, ஹெதர் பூத் தேன், கிறிஸ்துமஸ் கேக், கடற்பாசி, தோல் நாற்காலி. ஒவ்வொன்றும் மூக்குக்குப் பட்டிருக்கலாம். ஆனால் அடுத்தடுத்து அடுக்கும்போது எது பெரியது எது சின்னது, எது முதலில் வந்தது, எதோடு எது மோதியது என்று ஒன்றும் தெரிவதில்லை. நாவலுக்கு விமர்சனம் என்று 'படிமம், தொன்மம், உளவியல் ஆழம், மொழிச்செறிவு' என்று வரிசையாக எழுதிவைப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வியாதிதான். பட்டியல் என்பது வாசிப்பு ஆகாது.

இந்த எழுத்தின் இன்னொரு வழக்கம், புகை தூக்கலான விஸ்கியை 'ஆம்பளைச் சரக்கு' ஆக்குவது. இங்கேதான் வரலாறு சிரிக்கிறது. 1934-ல் கிளாஸ்கோவிலிருந்து பெஸ்ஸி வில்லியம்சன் என்ற பட்டதாரிப் பெண் சில மாதத் தற்காலிக வேலைக்கு, சுருக்கெழுத்தும் தட்டச்சும் பார்க்க, லஃப்ரோய்க்குக்கு வந்தார். முதலாளி இயன் ஹண்டர் 1938-ல் பக்கவாதத்தில் விழுந்த பிறகு பொறுப்புகள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. 1954-ல் ஹண்டர் இறந்தபோது வடிசாலையையே அவர் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். 1972-ல் ஓய்வுபெறும் வரை நடத்தியவர் வில்லியம்சன். கலப்பு விஸ்கிதான் உலகம் என்றிருந்த 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் ஸ்காட்ச்சுக்காகப் பேசியவரும் அவர். மீசையை முறுக்கிக்கொண்டு எழுதப்பட்ட எத்தனையோ லஃப்ரோய்க் குறிப்புகளுக்குப் பின்னால் ஒரு தட்டச்சுக்காரப் பெண்ணின் 38 வருஷம் இருக்கிறது.

நிறுவனமும் சும்மா இல்லை. 200-வது ஆண்டை ஒட்டி, குடித்தவர்கள் சொன்னதை, திட்டு உட்பட, அப்படியே விளம்பரமாக வெளியிட்டார்கள். எரிந்த ஆஸ்பத்திரி, தார், அழுக்கு என்று ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் போஸ்டர் ஆனது. வசவையே விற்கிற சாமர்த்தியம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த வசவுகளில் பல, மதிப்பெண் போட்டவர்களின் குறிப்புகளை விட நல்ல எழுத்து. அவற்றில் ஒரே ஒரு ஒப்பீடு இருந்தது. அதைச் சொன்னவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் அதில் தெரிந்தது.

தேவதைகளின் பங்கு

பீப்பாயில் இருக்கும் விஸ்கி வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிக் காற்றில் போய்விடும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். கென் லோச் 2012-ல் இந்தத் தலைப்பில் எடுத்த படம் கானில் ஜூரி பரிசு வாங்கியது. கிளாஸ்கோவின் வேலையில்லாத இளைஞன் ராபி, அடிதடி வழக்கில் தண்டனையாகச் சமூகசேவை செய்துகொண்டிருப்பவன். மேற்பார்வையாளர் ஹாரி அவனுக்கு விஸ்கியை அறிமுகம் செய்கிறார். பையனுக்கு அபாரமான மூக்கு இருப்பது தெரியவருகிறது. ஏலத்துக்கு வருகிற ஓர் அபூர்வப் பீப்பாயிலிருந்து அவனும் கூட்டாளிகளும் கொஞ்சம் திருடுகிறார்கள். என்ன பீப்பாய்? மால்ட் மில்! மேக்கி கட்டிய அதே மால்ட் மில். நகலாகப் பிறந்து தோற்றுப்போனது, அழிந்த காரணத்தாலேயே உலகத்தின் விலையுயர்ந்த மூலமாகிவிட்டது.

திருடிய அளவுக்குப் பக்கத்துப் பீப்பாய்ச் சரக்கை ஊற்றிச் சரிக்கட்டிவிடுகிறார்கள். மறுநாள் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து ஏலம் எடுத்த பணக்காரர் அதைச் சுவைத்து உருகிப்போகிறார். படத்தில் விஸ்கி நிபுணராக வருபவர் சார்லஸ் மெக்லீன், நிஜத்திலும் விஸ்கி எழுத்தாளர். சுவைக்குறிப்பு எழுதும் கலைக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் நான் பார்த்ததில்லை. லோச் நிபுணர்களைக் கேலி செய்யவில்லை, ராபியின் மூக்கு உண்மையானது என்றுதான் படம் நம்புகிறது. அவர் கேட்கிற கேள்வி வேறு: இந்தச் சுவையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை யாருக்கு? பணம் கட்டியவருக்குச் சுவை விலையிலிருந்து வருகிறது. ராபிக்கு அது மூக்கிலிருந்து வருகிறது. கடைசியில் மிஞ்சுகிற புட்டிகளில் ஒன்றை விற்றுப் பிழைக்கிறான், இன்னொன்றை ஹாரிக்கு வைத்துவிட்டுப் போகிறான். அதற்கு அவன் சுவைக்குறிப்பு எதுவும் எழுதவில்லை.

நெடி, கமறல், காந்தல்

ஹருகி முரகாமி ஐலாவுக்குப் போய்வந்து 1999-ல் சின்னப் பயணப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். நம் சொற்கள் விஸ்கியாக இருந்திருந்தால் என்பதுதான் அதன் தலைப்பு. ஆசை புரிகிறது. ஒரு கிளாஸை நீட்டினால் போதும், எதிரில் இருப்பவர் வாங்கிக் குடித்தால் அர்த்தம் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு இந்த ஆசையில் உடன்பாடில்லை. ஒரே புட்டியிலிருந்து இருவர் குடித்தாலும் ஒருவருக்கு அடுப்பு, இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி. கிளாஸை நீட்டினாலும் சொல் தேவைப்படும்.

அந்தச் சொல் யாருடையது என்பதில்தான் தமிழில் எழுதுகிற நமக்குச் சிக்கல். இப்போது இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் தமிழில் விஸ்கி பற்றிப் பேசுகிறவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் ஹெதர் பூவைக் கண்ணால் பார்த்திராதவர் ஹெதர் தேன் என்கிறார். 'ஸ்மோக்கி' என்ற ஒற்றைச் சொல்லோடு புகையின் கதை முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் மூக்கு விஷயத்தில் தமிழ் ஒன்றும் ஏழை மொழி கிடையாது. மூக்கில் குத்துவது நெடி. தொண்டையைப் பிடித்து இருமவைப்பது கமறல். அடிப்பிடித்த பாத்திரத்தில் வருவது காந்தல். பச்சை மீனில் வீச்சம், பழைய துணியில் மக்கல். இவை வாசனையின் பெயர்கள் மட்டுமில்லை, அது உடம்பில் எந்த இடத்தைத் தொடுகிறது என்றும் சொல்கின்றன. சுவைச் சக்கரத்தால் முடியாத காரியம் இது.

முயன்று பார்க்கலாம். லஃப்ரோய்க் 10 வருஷம்: எடுத்த எடுப்பில் மருந்து நெடி, கூடவே கடற்கரையில் காயும் கருவாட்டின் உப்பு. நாக்கில் ஒரு நொடி எதிர்பாராத இனிப்பு, பூர்பன் பீப்பாயின் வெண்ணிலா அது. விழுங்கியபின் அடுப்படிச் சாம்பல், வெகுநேரம். லகவுலின் 16-ல் நெடி கிடையாது. உலர்ந்த பழத்தைப் புகையில் வாட்டிய மாதிரி அடங்கிய காந்தல். ஆர்ட்பெக்கில் புது ரோட்டுத் தார், அதன் மேல் எலுமிச்சை பிழிந்த மாதிரி. மூன்றும் ஒரே கரையில், சில கிலோமீட்டருக்குள். மூன்றுக்கும் 'ஸ்மோக்கி' என்றால் யாருக்கு என்ன லாபம்?

தண்ணீர் ஊற்றலாமா என்கிற பஞ்சாயத்துக்கும் ஒரு வார்த்தை. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃபிரீட்மன் என்ற இருவர் 2017-ல் கணினி உருவகம் செய்து பார்த்தார்கள். கொஞ்சம் நீர் சேர்த்தால் குவையகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறதாம், அதாவது மூக்குக்குப் பக்கத்தில். புகை தெரிய வேண்டுமென்றால் சில சொட்டு விடுங்கள். யாராவது முறைத்தால் குவையகால் என்று சொல்லுங்கள், பெயரே பயமுறுத்தும்.

சங்ககாலத்தில் நாற்றம் என்றால் நறுமணம். இன்றைக்கு அந்தச் சொல்லை நறுமணத்துக்குச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஒரு சொல் இப்படித் தலைகீழாவதற்குப் பல நூற்றாண்டு பிடித்தது. லஃப்ரோய்க் புகைக்கு அடுப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர 50 வருஷம் போதுமானதாக இருந்தது. நாளைக்கு டெட்டால் வாசனையும் மறைந்த ஒரு தலைமுறை வரும். அவர்கள் அதை எதனோடு ஒப்பிடுவார்கள் என்று இன்று யாராலும் எழுதிவைக்க முடியாது. நம்மால் முடிந்தது, நம் மூக்குக்குத் தெரிந்ததை நம் சொல்லில் நேர்மையாக எழுதிவைப்பது. பின்னால் வருகிறவர்களுக்கு விஸ்கியைப் பற்றி அது கொஞ்சம்தான் சொல்லும், நம்மைப் பற்றி நிறையச் சொல்லும்.

லகவுலினில் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. 1962-ல் மால்ட் மில்லில் கடைசியாக வடித்த சரக்கு. பீப்பாய்க்குப் போகாததால் சட்டப்படி அது விஸ்கியே கிடையாது. மேக்கியின் முயற்சியில் அங்கே பார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான். பார்க்கலாம். மோந்து பார்க்க விடமாட்டார்கள்.